புறங்கை

ரப்பர் ஆலையில் உருளை ஓட்டுகிறவனுக்கு மூளை புறங்கையில் இருக்க வேண்டும் என்பார் அப்பா. தலையில் இருந்தால் என்னவாம் என்று யாராவது கேட்டால், "இருந்துட்டுப் போகட்டும், தொப்பி வெக்க ஆகும்" என்பார்.

இரண்டு இரும்பு உருளைகள். ஆள் நீளம். இடுப்பு உயரத்தில் ஒன்றை ஒன்று பார்த்துச் சுழலும். நடுவே விரற்கடை இடைவெளி. கச்சா ரப்பரையும் கரித்தூளையும் கந்தகத்தையும் அந்த இடைவெளியில் கொடுத்து, தாளாக இறங்குவதை வெட்டி, மடித்து, மறுபடி கொடுத்து, மாவு பிசைவதுபோலப் பிசைந்துகொண்டே இருக்க வேண்டும். சூடு போதாவிட்டால் கலவை சேராது. மிஞ்சினால் உருளையிலேயே வெந்து இறுகிவிடும். அன்றைய சரக்கு முழுக்கக் குப்பைக்கு. இந்த இரண்டுக்கும் நடுவிலிருக்கும் சூட்டை அப்பா வலது புறங்கையால் பிடிப்பார். ஓடும் ரப்பருக்கு மேலே அரை விரல் உயரத்தில், தூங்கும் குழந்தையின் தலையை வருடப் போகிறவர் மாதிரி, கையைக் கொண்டுபோவார். தொடமாட்டார். "இன்னும் ரெண்டு மடி" என்பார். இரண்டு மடிப்புக்குப் பிறகு சரக்கு சரியாக இருக்கும். இருபத்தாறு வருஷம் இப்படித்தான் ஓடியது.

உருளைகள் கொதிக்காமலிருக்க உள்ளே தண்ணீர் ஓடும். தண்ணீர் உள்ளே போகும் குழாயில் அழுத்தம் காட்டும் முள் இருந்தது. அப்பா அதை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். வெளியே வரும் குழாயைத்தான் தொட்டுப் பார்ப்பார். "உள்ள போறத எவன் வேணா பாப்பான். போனது திரும்பி வருதான்னு பாக்கறவன்தான் உருளைக்காரன்."

அவருடைய ஒரே மகள் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். எந்த ஆலையில் எந்த முள் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு. ஒரு முறை அப்பாவின் ஆலைக்கே அனுப்பினார்கள். அப்பாவின் இயந்திரத்துக்கு மேலே தொங்கிய வெப்பமானி ஒன்பது டிகிரி தப்பாகக் காட்டியது.

"எத்தனை நாளாப்பா இப்படி?"

"யாருக்குத் தெரியும். அது போன வருஷத்துக் காலண்டர் மாதிரி. ஆணி சும்மா இருக்க வேண்டாம்னு மாட்டியிருக்கு."

"அப்ப எதை வெச்சு ஓட்டறீங்க?"

அப்பா புறங்கையைக் காட்டினார். பக்கத்தில் நின்ற அவருடைய கூட்டாளி, எல்லோரும் நெட்டையர் என்று கூப்பிடுகிறவர், "அந்தக் கைக்கும் ஒரு சீல் குத்திட்டுப் போம்மா" என்றார். மகள் வெப்பமானியில் சிவப்புச் சீட்டு ஒட்டினாள். "என் பொண்ணு என் மெஷினையே ஃபெயில் ஆக்கிட்டா" என்று அப்பா ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெருமை தாங்கவில்லை.

வீட்டில் அவர் கைக்குத் தனிச் சட்டம். நகக்கண்ணிலும் ரேகையிலும் கரி. எந்த சோப்புக்கும் போகாது. "இந்தக் கையோட தலையணையத் தொட்டீங்கன்னா வாசல்ல படுத்துக்கோங்க" என்பாள் அம்மா. மகளின் மதிப்பெண் அட்டையை அப்பா இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்துத்தான் படிப்பார். ஆனால் மாடிக் குடித்தனம், எதிர் வீடு என்று எங்கே பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் முதலில் அப்பாவிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். நெற்றியில் புறங்கையை வைத்துவிட்டு, "முப்பத்தெட்டரை. டாக்டர்கிட்ட போங்க" என்பார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மகள் அதைத் தெர்மாமீட்டர் வைத்துச் சோதித்திருக்கிறாள். அரை டிகிரிக்கு மேல் தப்பியதில்லை.

அந்தக் கை போனது ஒரு கையுறையால்.

உருளைக்கு முன்னால் கையுறை போடக்கூடாது. துணியின் நுனி ஒட்டும் ரப்பரில் பட்டால் கையோடு இழுத்துவிடும். அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் அது தெரியும். அன்று வெளியிலிருந்து ஆட்கள் ஆலையைப் பார்க்க வந்தார்கள். பாதுகாப்பாக வேலை நடப்பதாகத் தெரிய வேண்டும் என்று மேற்பார்வையாளர் எல்லோருக்கும் புதுக் கையுறை கொடுத்தார். "அவங்க போற வரைக்கும் போட்டுக்கோங்கப்பா, கால் மணி நேரம்." அப்பா சொன்னார், இது கூடாதென்று. பிறகு போட்டுக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் மேலே இருப்பவர்களிடம் இரண்டாம் முறை மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவர்.

கையுறையின் நுனி ரப்பரில் ஒட்டிக் கையை இழுத்தது. நெட்டையர் உருளையை நிறுத்த, தலைக்கு மேல் ஓடும் கயிற்றை இழுத்தார். கயிற்றை இழுத்தாலும் உருளை கால் சுற்றுப் போய்த்தான் நிற்கும். திருப்பி ஓட்டிக் கையை எடுத்தபோது, கையுறை கழன்று வந்தது. புறங்கைத் தோல் அதற்குள் இருந்தது.

"எலும்பு உடையலை" என்றார் ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர். அப்படி ஒன்றும் சின்ன வயதில்லை; அவருக்கு மேலே பெரிய டாக்டர் ஒருவர் இருந்ததால் அந்தப் பெயர். அப்பாவின் கட்டில் பக்கத்தில் நின்று, அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்துச் சொன்னார். "விரலை நீட்டற தசைநாண் எல்லாம் முழுசா இருக்கு. ஆனா மேல மூடறதுக்குத் தோல் இல்ல. மெல்லிசா தோலைச் சீவி ஒட்டினா வெறும் நாண் மேல பிடிக்காது. அதனால தொடையிலருந்து தோலும் கொழுப்புமா ஒரு துண்டு எடுக்கறோம். அதுக்கு வர்ற ரத்தக்குழாயோட சேத்து எடுத்து, மணிக்கட்டுல இருக்கற குழாயோட தைக்கறோம். முடியை விட மெல்லிசு நூல். மைக்ராஸ்கோப்புல பாத்துத்தான் தைக்கணும். ரத்தம் உள்ள போக ஒரு குழாய், வெளிய வர ரெண்டு."

அப்பா வலி மருந்தின் மயக்கத்தில் இருந்தார். ஆனாலும் கேட்டார். "வெளிய வர ஏன் சார் ரெண்டு?"

"அதுதான் சீக்கிரம் அடைச்சுக்கும்."

அப்பா மகள் பக்கம் தலையைத் திருப்பினார். "கேட்டுக்கிட்டியா. இவரும் உருளைக்காரர்தான்."

மூன்று நாள்தான் கண்டம் என்றார் டாக்டர். மூன்று நாள் துண்டு உயிரோடு நின்றால் கை நிற்கும். நிற்காவிட்டால் நாண்கள் காய்ந்துவிடும், விரல்கள் தங்காது. மற்றதெல்லாம் அப்புறம்.

காலையில் உள்ளே கொண்டுபோனவரைச் சாயந்திரம் வெளியே கொண்டுவந்தார்கள். எட்டரை மணி நேரம். மணிக்கட்டிலிருந்து விரல்முட்டி வரை, ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தொடைத் தோல், சுற்றிலும் தையல். வெளுப்பாக, உப்பலாக, நாலைந்து முடியோடு. ஆஸ்பத்திரியில் அதை ஃபிளாப் என்றார்கள். அம்மா துண்டு என்றாள். அப்பா விருந்தாளி என்றார்.

"இனிமே யாரையாவது அறைஞ்சா தொடையால அறைஞ்ச கணக்குதான்" என்றார் மயக்கம் தெளிந்ததும்.

"நீங்க இதுவரைக்கும் அறைஞ்சது எத்தனை பேரு, பெரிய சண்டியரு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முப்பது கட்டில் உள்ள வார்டு. பகலில் இரண்டு நர்ஸ். அதனால் கூட இருப்பவர்களையும் பார்க்கச் சொல்வது அங்கே வழக்கம். மூத்த நர்ஸ் ஓர் அட்டவணையை மகள் கையில் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார். "மணிக்கு ஒரு தடவை. நிறம் பாருங்க. விரலால அழுத்தி விடுங்க, வெளுத்துட்டு மூணு செகண்டுக்குள்ள நிறம் திரும்பணும். புறங்கையால தொட்டுச் சூடு பாருங்க. வெளுத்தாலும் கூப்பிடுங்க, கறுத்தாலும் கூப்பிடுங்க. சூடு குறையாம இருக்க விளக்கு வெச்சிருக்கோம், அதை எடுத்துடாதீங்க."

விளக்கு ஒரு சாதாரண மஞ்சள் பல்பு. வளையும் தண்டு. கட்டிலின் விளிம்பில் இறுக்கியிருந்தது.

முதல் நாள் எல்லாம் சரியாக இருந்தது. நர்ஸும் வந்து வந்து பார்த்தார். மகள் எழுதினாள். நிறம்: நன்று. சூடு: உள்ளது. 'உள்ளது' என்று எழுத அவளுக்குக் கை கூசியது. எவ்வளவு உள்ளது? யாருடைய கைக்கு? மற்றவர்களின் அறிக்கையில் இப்படி ஒரு வார்த்தை இருந்தால் அவள் திருப்பி அனுப்பியிருப்பாள்.

இரண்டாம் நாள் காலை அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். தொடாமல் தூரத்திலிருந்தே சூட்டை அளக்கும் கருவி ஒன்றை எடுத்தாள். அப்படியே எடுத்து வந்துவிடவில்லை. நிலையான வெப்பத் தொட்டியில் வைத்து மூன்று புள்ளிகளில் சரிபார்த்தாள். பிழை புள்ளி இரண்டு டிகிரி. பெட்டியில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு, பேருந்தில் வந்தாள். அப்பாவுக்காகத் தன்னால் முடிந்த ஒன்று கிடைத்துவிட்டது என்று இருந்தது அவளுக்கு.

"தெர்மாமீட்டரா? தாராளமா வெச்சுப் பாருங்கம்மா" என்றார் நர்ஸ்.

பத்து மணிக்கு முப்பத்துமூன்று புள்ளி எட்டு. அன்று வார்டில் குளிர் அதிகமாக இருந்தது. பெருக்க வந்த அம்மாள் அப்பா நடுங்குவதைப் பார்த்து, விளக்கின் தண்டை ஒரு சாண் கீழே இழுத்துவிட்டாள். பதினோரு மணிக்கு முப்பத்துநான்கு புள்ளி ஒன்று. மகள் எழுதினாள்.

"விருந்தாளி எப்படி இருக்கார்?"

"சௌக்கியமா இருக்காருப்பா. காலையில விட சூடு கூடியிருக்கு."

"நல்லா கவனிச்சு அனுப்பு. கோவிச்சுக்கிட்டுத் திரும்பத் தொடைக்கே போயிடப் போறார்."

பன்னிரண்டரை மணிக்கு அம்மா ஈரத்துணியால் அப்பாவின் முகத்தைத் துடைக்க வந்தாள். தலையில் இடிக்கிறதென்று விளக்கைத் தள்ளி வைத்தாள். ஜன்னல் வெளிச்சம் நேராகக் கையில் விழுந்தது. அம்மா துணியைப் பிழிந்தபடியே குனிந்து பார்த்தாள்.

"இங்க வாடி. இது என்ன, கத்தரிக்காத் தோல் மாதிரி இருக்கு?"

மகள் வந்தாள். கருவியைக் காட்டினாள். முப்பத்துநான்கு புள்ளி மூன்று.

"நல்லாத்தான் இருக்கும்மா. ரத்தம் நின்னா சூடு இறங்கணும். இறங்கவே இல்ல பாரு."

"நிறம் ஒரு மாதிரியா இருக்கேடி."

மகள் விரலால் அழுத்தி விட்டாள். வெளுத்த இடத்தில் நிறம் பாய்ந்து வந்தது. ஒரு செகண்டுகூட ஆகவில்லை. "பாத்தியா. மூணு செகண்டுக்குள்ள வரணும்னாங்க. இது அதுக்கும் முன்னாடி வருது."

"நீ படிச்சவ. உனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. விளக்கைப் பழைய இடத்துக்கே திருப்பினாள். மஞ்சள் வெளிச்சத்தில் துண்டு மறுபடி செம்பழுப்பாகத் தெரிந்தது.

ஒரு மணிக்கு அப்பா சொன்னார். "கை கனக்குதும்மா."

"மரத்துப்போக ஊசி போட்டிருக்காங்கப்பா. அப்படித்தான் இருக்கும்."

"மரத்த கை கனக்குமா?"

அவள் அதை எழுதவில்லை. அட்டவணையில் அதற்குக் கட்டம் கிடையாது.

இரண்டு மணிக்கு மூலைக் கட்டிலில் இருந்தவருக்கு மூச்சு வாங்கியது. இரண்டு நர்ஸும் அங்கே ஓடினார்கள். மூன்று மணிக்கு மூத்த நர்ஸ் இந்தப் பக்கமாகப் போகும்போது அட்டவணையை எட்டிப் பார்த்தார். வரிசையாக, புள்ளி வைத்த எண்கள், ஒன்றின் கீழ் ஒன்று. "இவ்ளோ சுத்தமா நாங்ககூட எழுத மாட்டோம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அட்டவணை சுத்தமாக இல்லாதிருந்தால் அவர் நின்று கையைப் பார்த்திருப்பார்.

நாலரை மணிக்கு அறுவை அறையிலிருந்து நேராகச் சின்ன டாக்டர் வந்தார். வந்ததும் முதல் வேலையாக விளக்கை அணைத்தார். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பினார். துண்டு பளபளவென்று வீங்கியிருந்தது. நிறத்துக்கு அம்மா சொன்னதைத் தவிர வேறு பெயர் கிடையாது. ஊசி முனையால் குத்தினார். வந்த இரத்தம் சிவப்பாக இல்லை. இயந்திரத்திலிருந்து வடித்த பழைய எண்ணெய்போல் இருந்தது.

"எப்பலருந்து இப்படி?"

மகள் அட்டவணையை நீட்டினாள். அவர் விரலை வைத்துக் கீழே வரை படித்தார். பிறகு அணைந்த விளக்கைப் பார்த்தார்.

"இது எரியும்போதேவா எடுத்தீங்க?"

குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. தகவல் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கருவி பொய் சொல்லவில்லை. தோல் முப்பத்துநான்கு டிகிரியில்தான் இருந்தது. அந்தச் சூடு இரத்தத்தின் சூடு இல்லை, பல்பின் சூடு. அங்கே ஒரு ரொட்டித் துண்டை வைத்திருந்தாலும் அதே எண்ணைத்தான் காட்டியிருக்கும். உள்ளே போன இரத்தம் வெளியே வர வழியில்லாமல் தேங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் அழுத்தியதும் அவ்வளவு வேகமாகத் திரும்பியது. 'சூழல் வெப்பம் குறிக்கப்படவில்லை, ஏற்க இயலாது' என்று எத்தனை பேருடைய அறிக்கையில் அவள் சிவப்பு மையால் எழுதியிருக்கிறாள். விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் பொறுத்து அளந்திருக்கலாம். நல்ல கையை அதே விளக்கின் கீழ் வைத்து ஒப்பிட்டிருக்கலாம். ஒன்றும் வேண்டாம், கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்திருக்கலாம். அம்மா பார்த்தாள்.

டாக்டர் அதற்குள் தொலைபேசியில் இருந்தார்.

மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வரும் இரண்டு குழாய்களும் அடைத்திருந்தன. அடைத்த ரத்தக் கட்டியை எடுத்துவிட்டு, காலிலிருந்து ஒரு குழாயை எடுத்துத் தைத்துப் பார்த்தார்கள். தைத்த குழாய் திறந்துதான் இருந்தது. துண்டுக்குள்ளே இருந்த பொடிக் குழாய்கள் எல்லாம் உறைந்துவிட்டன. அதற்குத் தையல் கிடையாது.

"பன்னண்டரைக்கே கூப்பிட்டிருந்தா?" என்று மகள் கேட்டாள். வராந்தாவில் அவளும் டாக்டரும் மட்டும்தான்.

"அப்படிக் கணக்குப் போடாதீங்க. சீக்கிரம் பாத்தாலும் பாதிக்குப் பாதிதான் தப்பிக்கும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் பாதி என்பது அவளுக்கு ஓர் எண். சும்மா இருக்கும் எண் இல்லை.

ஐந்தாம் நாள் துண்டு கறுத்துவிட்டது. ஏழாம் நாள் எடுத்துவிட்டார்கள். அடுத்து, கையைக் கொண்டுபோய் அடிவயிற்றுத் தோலோடு மூன்று வாரம் தைத்து வைக்கும் வழி ஒன்று இருக்கிறது என்றார் பெரிய டாக்டர். "கையை இடுப்புல செருகிட்டு நிக்கறதா. கலியாண வீட்டு வேலைக்காரன் மாதிரி" என்றார் அப்பா. அதுதான் அவர் ஆஸ்பத்திரியில் சொன்ன கடைசி வேடிக்கை. அதற்கு நாள் குறிப்பதற்குள் சீழ் பிடித்தது. நாண்கள் நார்நாராகக் கழன்று வந்தன. கட்டை விரலை விட்டுவிட்டு நாலு விரலையும் முட்டிவரை எடுத்தார்கள். உள்ளங்கைத் தோலைப் பின்னுக்கு மடித்து மூடினார்கள். அது பிடித்தது.

வீட்டுக்கு வந்தார். இடது கையால் சாப்பிடப் பழகினார். சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட்டாள். நகக்கண்ணில் கரி இல்லாமல் அவர் கையை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. இப்போது இடது கை வெளுத்துச் சுத்தமாகிக்கொண்டே வந்தது. அம்மா அவரிடம் தலையணையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஆலையில் வாசல் அறையில் உட்கார்ந்து, வருகிற வண்டியின் எண்ணைக் குறிக்கும் வேலை கொடுத்தார்கள். ஒன்பது நாள் போனார். பத்தாம் நாள் போகவில்லை. நெட்டையர் தேடிக்கொண்டு வந்தார்.

"என்னண்ணே, ராஜா மாதிரி உக்காந்து எழுதற வேலை. கசக்குதா?"

"அங்க உக்காந்தா மெஷின் சத்தம் கேக்குது."

"கேட்டா கேக்கட்டும்."

"சரக்கு வேகுதுடா. சத்தத்துலயே தெரியுது. மிஞ்சிப் போச்சுன்னு தெரியுது. எழுந்து போய்ச் சொல்ல முடியல."

நெட்டையர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

மாடிக் குடித்தனத்துக்காரி ஒரு நாள் காய்ச்சலில் இருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பழக்க தோஷம். அப்பாவும் பழக்க தோஷத்தில் வலது கையை நீட்டினார். மொட்டைக் கை பிள்ளையின் நெற்றிக்குப் பக்கத்தில் போய் நின்றது. பிள்ளை வீறிட்டது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அவகிட்ட கருவி இருக்கு. அதுல பாத்துக்கோங்க" என்றார். மகளைப் பார்த்துச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னார்.

நாலு மாதம் அவள் பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு விடுமுறை நாளில், அம்மா கடைக்குப் போயிருந்த சமயம், அப்பாவின் கைத் தழும்பில் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். விளக்கைச் சொன்னாள். பன்னிரண்டரை மணியைச் சொன்னாள். பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்னதையும் மறைக்கவில்லை.

அப்பா கேட்டார்.

"எவ்ளோ காட்டுச்சு?"

"முப்பத்துநாலு புள்ளி மூணு."

"கருவி சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான்பா இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். உருளையில் கெட்டுப்போன சரக்கைப் பார்க்கும்போதும் அப்படித்தான் ஆட்டுவார். கெட்டதைக் கெட்டது என்று சொல்லித் தள்ளி வைக்கிறவர். நல்ல சரக்கோடு ஒரு நாளும் கலந்து அனுப்பியதில்லை. பரவாயில்லை என்ற வார்த்தையை அவர் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் காத்திருந்தாள்.

"கத்தரிக்காத் தோல் மாதிரி இருக்குன்னு உங்கம்மா சொன்னாள்ல."

"சொன்னாங்க."

"அவகிட்ட இதைச் சொல்லாத."

"ஏன்பா?"

"சொன்னா, அவ பாத்ததுதான் சரின்னு ஆயிடும். அப்புறம் ஏன் வாய மூடிக்கிட்டு விளக்கைத் திருப்பி வெச்சேன்னு நினைச்சு நினைச்சே செத்துடுவா. என் கை போனது போகட்டும். அவளாவது தூங்கட்டும்."

அவள் எண்ணெய்ச் சிமிழை மூடினாள். தன்னைப் பற்றி அடுத்து ஏதாவது வருமென்று உட்கார்ந்திருந்தாள். திட்டினாலும் போதும். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை அவருக்கு. இருந்த பரிவை அம்மாவுக்குக் கொடுத்ததற்குப் பிறகு கொடுக்க மிச்சம் எதுவும் இல்லை. அவ்வளவுதான். அம்மா வந்ததும், "என்ன வாங்கிட்டு வந்த?" என்று பையைப் பார்த்துக் கேட்டார்.

அதன் பிறகு நாலு மாதம் இருந்தார். அந்தப் பேச்சு மறுபடி வரவில்லை. ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார்கள். கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். மகள் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். சூழல் குறிக்கப்படவில்லை.

ஆலையிலிருந்து எல்லோரும் வந்தார்கள். கூடத்தில் இடமில்லாமல் படியிலும் உட்கார்ந்தார்கள். கையைப் பற்றித்தான் பேச்சு. அந்தக் கை மாதிரி இனி ஒரு கை வராது என்றார்கள். அந்த ஆஸ்பத்திரியில் சரியாகப் பார்க்கவில்லையோ என்று யாரோ இழுத்தார்கள்.

"அவங்களைச் சொல்லாதீங்க" என்றாள் அம்மா. நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாரையும் சொல்லிக் குத்தமில்ல. இதோ, இவ ரெண்டு நாளும் கட்டிலை விட்டு நகரலை. கண்ணுல எண்ணெய விட்டுக்கிட்டுப் பாத்தா. கருவியெல்லாம் கொண்டாந்து, மணிக்கு மணி அளந்து எழுதினா. எனக்குத்தான் நடுவுல ஒரு பயம் வந்துச்சு, நிறம் மாறின மாதிரி. இவதான் அளந்து காட்டி, ஒண்ணுமில்லம்மான்னு தைரியம் சொன்னா. அதுக்கப்புறம்தான் எங்கேயோ என்னமோ ஆயிருக்கு. நாம என்ன பண்ண முடியும்."

"பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்றாள் நெட்டையரின் மனைவி.

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். அவள் தண்ணீர்த் தட்டோடு நின்றிருந்தாள்.

"அந்த நேரத்துல சூடு கொஞ்சம்கூட இறங்கலை, இல்லடி?" என்றாள் அம்மா.

"இறங்கலைம்மா."

"கேட்டீங்கல்ல" என்றாள் அம்மா. அப்போதுதான் உள்ளே வந்த இரண்டு பேருக்காக முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.